பின் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள்: குடும்பத்துக்குப் பெரிய செடான் தேர்வு

கார் ஷோரூமுக்குள் நுழைகிறவரை விற்பனையாளர் முதலில் உட்காரவைப்பது ஸ்டியரிங்குக்குப் பின்னால்தான். பெரிய தொடுதிரை, கதவோரம் எரியும் வண்ண விளக்கு, சன்ரூஃப் எல்லாம் அந்த இடத்திலிருந்து பார்க்கத்தான் எடுப்பாக இருக்கும். ஆனால் செடான் வாங்கும் குடும்பத்தில் வண்டி ஓட்டுவது ஒருவர். மற்ற மூன்று நான்கு பேரும் உட்கார்ந்து வருகிறவர்கள். சென்னையிலிருந்து மதுரைக்கு ஏறக்குறைய 460 கி.மீ. தூரத்தையும் பின் சீட்டிலேயே கழிக்கப்போவது வயதான பெற்றோரும் குழந்தைகளும்தான். எனவே தேர்வு அங்கிருந்து தொடங்க வேண்டும்.

அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. வீட்டிலேயே உயரமானவர் ஓட்டுவதற்கு வசதியாக முன் சீட்டைத் தள்ளிவைத்துவிட்டு, அவரையே அந்தச் சீட்டுக்குப் பின்னால் உட்காரச் சொல்ல வேண்டும். முழங்காலுக்கும் முன் சீட்டுக்கும் நடுவே நான்கு விரல் இடமாவது மிஞ்ச வேண்டும். தொடை முழுதாகச் சீட்டில் படிய வேண்டும்; படியாமல் முழங்கால் தூக்கிக்கொண்டிருந்தால் இரண்டு மணி நேரத்தில் இடுப்பு வலிக்கும். இப்போது வரும் செடான்களின் கூரை பின்பக்கம் சரிந்து இறங்குவதால், உயரமானவர் நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை இடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நடுவில் ஒருவரை உட்காரவைக்காமல் இந்தச் சோதனை முடியாது. தரையின் நடுவே ஓடும் மேடும், பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஏ.சி. துவாரமும் அவருடைய கால்களைத்தான் தொந்தரவு செய்யும்.

முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்குச் செடான் ஒத்துவருமா என்பது தனிக் கேள்வி. செடானின் சீட் தாழ்வானது. உட்காரும்போது தெரியாது, எழும்போதுதான் சிரமம் தெரியும். அவர்களை ஷோரூமுக்கே அழைத்துப்போய், யாரும் கைகொடுக்காமல் நான்கைந்து முறை ஏறி இறங்கச் சொல்ல வேண்டும். முகம் சுளித்தால் அந்த வீட்டுக்குச் செடான் வேண்டாம். சீட் கொஞ்சம் உயரமாக உள்ள வேறு வகை வண்டியைப் பார்ப்பதுதான் நல்லது. இதில் வண்டி ஓட்டுகிறவரின் ஆசைக்கு இடம் கொடுக்கக் கூடாது.

செடானின் உண்மையான பலம் டிக்கி. ஹூண்டாய் வெர்னாவின் டிக்கி 528 லிட்டர். ஸ்கோடா ஸ்லாவியாவும் ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸும் 521. மாருதி சியாஸ் 510. ஹோண்டா சிட்டி 506. குடும்பத்தோடு ஒரு வாரம் ஊருக்குப் போய்வரும் மூட்டை முடிச்சுகளுக்கு இது போதும். ஆனால் அதே சிட்டியின் ஹைபிரிட் வண்டியில் பேட்டரிக்கு இடம் போய்விடுவதால் டிக்கி 306 லிட்டராகச் சுருங்குகிறது. பழைய வண்டியில் பிற்பாடு சி.என்.ஜி. சிலிண்டர் பொருத்தியிருந்தால் பெரிய பெட்டிக்கு இடமே இருக்காது. லிட்டர் கணக்கை மட்டும் நம்பாமல், வீட்டிலுள்ள மிகப் பெரிய சூட்கேஸைக் கொண்டுபோய் டிக்கிக்குள் வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே இடமிருந்தும் வாய் குறுகலாக இருக்கும் டிக்கிகள் உண்டு.

எது பெரிய செடான் என்பதில் இந்தியாவில் குழப்பம் வந்ததற்கு வரிதான் காரணம். நான்கு மீட்டருக்குள் அடங்கும் சிறிய கார்களுக்கு 2006-இல் மத்திய அரசு உற்பத்தி வரியைக் குறைத்தது. அந்தச் சலுகைக்காகவே டிக்கியை வெட்டிச் சுருக்கிய செடான்கள் பிறந்தன. மாருதி டிசையர், ஹோண்டா அமேஸ், ஹூண்டாய் ஆரா எல்லாம் இந்த வகை. நகரத்துக்குள் ஓட்ட நல்ல வண்டிகள்தான். ஆனால் பின்னால் மூன்று பெரியவர்கள் தோள் இடிக்காமல் நெடுந்தூரம் போக வேண்டுமென்றால் நாலரை மீட்டர் செடானுக்குத்தான் வர வேண்டும். அதற்கும் மேலே போனால் டொயோட்டா கேம்ரி, ஸ்கோடா சூப்பர்ப். கேம்ரியின் நீளம் 4.92 மீட்டர். தமிழ்நாட்டுக் கட்டட விதிகள் அடுக்ககங்களில் ஒரு காருக்கு ஒதுக்கச் சொல்லும் இடமோ இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர். முன்னும் பின்னும் சேர்த்து எட்டு சென்டிமீட்டர்தான் மிச்சம். பெரிய வண்டி பார்க்கப் போவதற்கு முன் கையில் டேப்பை எடுத்துக்கொண்டு கார் நிறுத்துமிடத்தை ஒருமுறை அளந்துவிடலாம்.

இனி பணம். 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குட்பட்ட சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், மற்ற பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40 சதவீதம். நாலரை மீட்டர் செடான்களுக்கு அதற்கு முன் செஸ்ஸோடு சேர்த்து 45 சதவீதம் இருந்ததால் இவற்றின் விலையும் ஓரளவு இறங்கியது. பழைய கார் வாங்குகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. விற்பவர் 2024-இல் வாங்கிய பில்லைக் காட்டி விலை பேசுவார். பேரம் இன்றைய புதுவண்டி விலையிலிருந்து இறங்க வேண்டும், அன்றைய பில்லிலிருந்து இறங்கினால் நஷ்டம் வாங்குகிறவருக்கு.

தமிழ்நாட்டில் ஆயுள் வரியும் பெரிய செலவு. 2023 நவம்பரில் மாற்றிய விகிதப்படி, விலை 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. அதாவது 15 லட்சம் ரூபாய் செடானுக்கு ஆயுள் வரி மட்டும் 2 லட்சத்து 70 ஆயிரம். பதிவுக் கட்டணமும் இன்சூரன்ஸும் இதற்கு மேல். வண்டியை இதே மாநிலத்துக்குள் விற்றால் அடுத்தவர் ஆயுள் வரியை மறுபடி கட்ட வேண்டியதில்லை. முதல் உரிமையாளர் கட்டிய அந்தப் பணத்தின் பலனை இரண்டாமவர் அனுபவிக்கிறார்.

தேய்மானத்தின் கணக்கும் அப்படித்தான். இன்சூரன்ஸ் நிறுவனங்கள் வண்டியின் மதிப்பைக் கணக்கிடும் அட்டவணையில், மூன்று வருடம் முடிந்து நாலாவது ஓடும் காருக்குக் கழிவு 40 சதவீதம். 15 லட்சம் என்றால் 9 லட்சம். சந்தை விலை இதற்குக் கொஞ்சம் மேலும் கீழும் இருக்கும். எல்லோரும் எஸ்யூவி பக்கம் சாய்ந்துவிட்டதால் செடானுக்கு விலை கேட்பவர் குறைவு என்பது வாங்குகிறவருக்குச் சாதகம். அதே 9 லட்சத்தில் புதிதாக வாங்கினால் நான்கு மீட்டர் செடான்தான் கிடைக்கும். வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டாயிரம் கி.மீ. ஓட்டும் நடுத்தரக் குடும்பத்துக்கு, நன்றாகப் பராமரித்த மூன்று நான்கு வயது நாலரை மீட்டர் செடானே லாபமான தேர்வு. பன்னிரண்டு, பதினைந்து வருடம் ஒரே வண்டியை வைத்துக்கொள்கிறவர்களும், வண்டியைச் சோதித்துச் சொல்ல நம்பகமான மெக்கானிக் இல்லாதவர்களும் புதிதாக வாங்குவதே நல்லது. கடனில் வாங்குகிறவர்கள் பழைய காருக்கு வட்டி விகிதம் கூடுதல் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சந்தையில் புதிதாகக் கிடைக்கும் நாலரை மீட்டர் செடான்கள் இப்போது விரல்விட்டு எண்ணக்கூடியவை: சிட்டி, வெர்னா, ஸ்லாவியா, விர்ட்டஸ். 2014-இல் வந்த சியாஸ் 2025-இல் நின்றுபோனது. கொரோலா ஆல்டிஸும் சிவிக்கும் 2020-இல் விடைபெற்றன, ஆக்டேவியா 2023-இல். ஃபோர்டு ஐகான், ஃபியஸ்டா செய்த மறைமலை நகர் ஆலையும், லான்சர் செய்த திருவள்ளூர் ஆலையும் செடான் செய்வதை நிறுத்தி வருடங்களாகிவிட்டன. சென்னை வட்டாரத்தில் இன்னும் செடான் செய்யும் ஆலைகளில் ஒன்று வெர்னா வெளிவரும் இருங்காட்டுக்கோட்டை. நின்றுபோன மாடல்களை ஒதுக்க வேண்டியதில்லை. சியாஸுக்கும் ஆல்டிஸுக்கும் பாகங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. முடிவெடுப்பதற்கு முன் உள்ளூர் மெக்கானிக்கிடம் ஹெட்லைட், பம்பர், சஸ்பென்ஷன் இந்த மூன்றின் விலையையும் கேட்டுவிட்டால் அந்த வண்டியை வைத்துக் கட்டுப்படியாகுமா என்று தெரிந்துவிடும்.

பத்து வயதான பெரிய சொகுசு செடான் புது டிசையர் விலைக்குக் கிடைக்கிறதே என்று மயங்குகிறவர்கள் இதை இரண்டு முறை கேட்க வேண்டும். வண்டி விலை இறங்கியிருக்கும். அதன் உதிரிபாக விலை இறங்கியிருக்காது.

கியர்பாக்ஸ் பற்றி ஒரு வார்த்தை. ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயரில் வெவ்வேறு அமைப்புகள் இருக்கின்றன. சிட்டியில் சி.வி.டி.; ஸ்லாவியா ஒரு லிட்டர் வண்டியில் டார்க் கன்வெர்ட்டர்; ஒன்றரை லிட்டரில் இரட்டை கிளட்ச் கொண்ட டி.எஸ்.ஜி. இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் நெடுஞ்சாலையில் வெண்ணெய்போல் ஓடும். பழுதானால் செலவு லட்சத்தைத் தொடக்கூடும். அதைச் சோதிக்கும் இடம் காலை ஒன்பது மணி நெரிசல். முதல் கியரிலிருந்து இரண்டுக்கு மாறும்போது உதறல் இருந்தாலோ, மேட்டில் பிரேக்கை விட்டதும் தயங்கித் தயங்கி நகர்ந்தாலோ விலகிவிட வேண்டும். டீசல் விரும்புகிறவர்களுக்கு இந்த அளவுச் செடானில் இனிப் பழைய வண்டிதான். சிட்டி, வெர்னா இரண்டின் டீசலும் 2023-இல் நின்றன. 2020-க்குப் பிந்தைய பி.எஸ். 6 டீசல் வண்டிகளின் புகைபோக்கியில் புகைத்துகளைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. தினமும் மூன்று நான்கு கி.மீ. மட்டும் ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும். நெடுஞ்சாலையில் ஓடாத குடும்பத்துக்கு அந்த வண்டி ஆகாது. பெட்ரோலில் 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டி என்றால், எந்த அளவு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்றது என்று வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். இப்போது பங்குகளில் 20 சதவீதக் கலவையே பரவலாக வருகிறது.

பாதுகாப்பில் வெர்னா, ஸ்லாவியா, விர்ட்டஸ் மூன்றும் 2023-இல் குளோபல் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியவை. ஆனால் பழைய வண்டி வாங்குகிறவர், அந்த வருடத்தில் அந்த வேரியன்ட்டில் எத்தனை ஏர்பேக் என்று கேட்க வேண்டும். பக்கவாட்டு ஏர்பேக் இருந்தால் கதவோரத் தூணிலும் சீட்டின் ஓரத்திலும் ஏர்பேக் என்று எழுதியிருக்கும். பின் சீட் பெல்ட் அதைவிட முக்கியம். டாடா சன்ஸ் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பரில் பால்கர் அருகே விபத்தில் இறந்தபோது, விலையுயர்ந்த காரின் பின் சீட்டில் பெல்ட் போடாமல் இருந்தார் என்று காவல்துறை சொன்னது. பின் சீட் நடுவில் உட்காருகிறவருக்கும் தோளோடு சேர்த்து இழுக்கும் பெல்ட் இருக்கிறதா, குழந்தை சீட்டை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

பழைய வண்டியைப் பார்க்கப் போகும் நேரம் காலை. என்ஜின் ஆறிக் கிடக்க வேண்டும். போனவுடன் பானெட்டில் கை வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகத் திணறும் கோளாறையோ முதல் புகையையோ மறைக்க முன்கூட்டியே ஓடவிட்டிருக்கலாம். கழுவி ஈரத்தோடு நிற்கும் வண்டியில் கீறலும் பட்டி பார்த்த இடமும் தெரியாது, காயும்வரை காத்திருக்கலாம். பிறகு பானெட்டைத் திறந்து, அதைத் தாங்கும் கீல்களின் போல்ட்டுகளைப் பார்க்க வேண்டும். ஆலையில் போல்ட்டை முடுக்கிய பிறகே வண்ணம் அடிப்பார்கள். போல்ட் தலையில் பெயின்ட் உடைந்திருந்தால் யாரோ ஸ்பேனர் போட்டுக் கழற்றியிருக்கிறார்கள். கழற்றியதற்குக் காரணம் சின்ன உரசலா பெரிய மோதலா என்பதை முன்பக்க ஏப்ரன் தகட்டின் வெல்டிங் புள்ளிகள் சொல்லும். ஆலை வெல்டிங் சீரான இடைவெளியில் வட்டமாக இருக்கும். டிங்கர் வேலை அப்படி இருக்காது.

சாவியைத் திருப்பியதும் மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் கோளாறு. எரியவே இல்லையென்றால் ஆபத்து அதைவிடப் பெரிது. விபத்தில் ஏர்பேக் வெடித்த வண்டிக்குப் புதிது மாட்டாமல் விளக்கின் இணைப்பை மட்டும் துண்டித்திருக்கலாம். விளக்கு எல்லாம் சரியாக இருந்தாலும், ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூட்டிப்போய் வண்டியின் கம்ப்யூட்டரில் பழைய கோளாறுக் குறிப்புகளைப் படிக்கச் சொல்வது கொடுக்கும் கூலிக்குத் தகும்.

வெள்ளத்தில் நின்ற வண்டி தமிழ்நாட்டில் கற்பனை பயம் இல்லை. 2015 டிசம்பரில் சென்னை, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடி சென்னை, அதே மாதம் தூத்துக்குடியும் திருநெல்வேலியும். நீரில் மூழ்கிய கார்களில் பல துடைத்துப் பாலிஷ் போட்டு வேறு ஊர்ச் சந்தைக்கு வந்துவிடும். என்ஜினைச் சரிசெய்யலாம், வயர்களின் இணைப்புகளுக்குள் போன ஈரம் வருடக்கணக்கில் பச்சை பூத்து, மழைநாளில் விளக்கை அணைக்கும், கண்ணாடியை இறங்கவிடாது. இதைக் கண்டுபிடிக்க சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுக்க வேண்டும். வெளியே தெரியும் பகுதியைக் கழுவியிருப்பார்கள். சுருளின் அடியில் இருக்கும் கடைசி அடியில் சேற்றுக் கறையின் கோடு அப்படியே இருக்கும். ஸ்டெப்னியைத் தூக்கி அதன் குழியில் வண்டல் படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடிக்க வேண்டும். கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கி முகர்ந்து பார்ப்பதில் வெட்கம் தேவையில்லை. அளவுக்கு மீறி வாசனைத் திரவியம் அடித்த வண்டி என்றால் இன்னும் கவனமாக முகர வேண்டும்.

மீட்டரில் கிலோமீட்டரைக் குறைப்பது சுலபம். டயர் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கம் அது தயாரான வாரமும் வருடமும்: 3221 என்றால் 2021-ஆம் வருடம் 32-ஆவது வாரம். 2021-இல் வாங்கிய வண்டி 22 ஆயிரம் கி.மீ. தான் ஓடியதாக மீட்டர் காட்டி, நான்கு டயரும் 2024-ஐச் சேர்ந்தவை என்றால் மீட்டரை நம்ப முடியாது. பிரேக் பெடலின் ரப்பர் தேய்மானமும் ஸ்டியரிங் தோலின் பளபளப்பும் அதே கதையைச் சொல்லும். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் பதிவு எண்ணைக் கொடுத்து, ஒவ்வொரு சர்வீஸிலும் பதிவான கிலோமீட்டரை விற்பவர் மூலமாகவே வாங்கிப் பார்ப்பது உறுதியான வழி.

டெஸ்ட் டிரைவுக்கு ஐந்து பேராகப் போக வேண்டும். ஒருவர் மட்டும் ஓட்டிப் பார்த்த செடான், குடும்பம் ஏறியதும் வேகத்தடையில் அடி தட்டும். தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி சிட்டியில் 165 மி.மீ., ஸ்லாவியாவில் 179 மி.மீ. என்பதெல்லாம் ஆள் ஏறாத கணக்கு.

காகிதங்களில் முதலில் கேட்க வேண்டியது நடப்பு இன்சூரன்ஸ் பாலிசி. அதில் நோ கிளெய்ம் போனஸ் என்ற வரி இருக்கும். கிளெய்ம் இல்லாத ஒவ்வொரு வருடத்துக்கும் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று அது ஏறும். கிளெய்ம் செய்தால் பூஜ்யத்துக்கு இறங்கும். ஐந்து வயது வண்டி, ஒரு கீறல்கூட விழவில்லை என்கிறார் விற்பவர், பாலிசியில் போனஸ் பூஜ்யம் என்றால் எந்த விபத்துக்கு, எவ்வளவுக்குக் கிளெய்ம் என்று கேட்டே தீர வேண்டும். அந்தப் போனஸ் வண்டியோடு வராது, விற்பவருடையது. ஆகவே வாங்குகிறவரின் பிரீமியம் கூடும்.

ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண், என்ஜின் எண் இரண்டையும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒப்பிட வேண்டும். பரிவாகன் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டால் எத்தனையாவது உரிமையாளர், கடன் பாக்கி இருக்கிறதா என்பது தெரியும். இ-சலான் பக்கத்தில் கட்டாத அபராதம் தெரியும். கடன் முடிந்திருந்தாலும் வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-உம் இல்லாமல் ஆர்.சி.யில் உள்ள ஹெச்.பி. என்ற கடன் குறிப்பு நீங்காது. டில்லிப் பதிவு டீசல் செடான் மலிவாக வருகிறது என்றால், பத்து வருடமான டீசல் வண்டிகளை டில்லியில் ஓட்ட நீதிமன்ற உத்தரவுகள் தடைபோட்டதே அதற்குக் காரணமாக இருக்கும். அதை இங்கே கொண்டுவந்தால் மறுபதிவு வேண்டும், வயதுக்கேற்ற ஆயுள் வரி வேண்டும். பழைய ஹோண்டா செடான்கள் என்றால் கோளாறான டக்காட்டா நிறுவன ஏர்பேக்கை மாற்றித்தரும் திரும்ப அழைப்பில் அந்த வண்டிக்கு வேலை முடிந்துவிட்டதா என்பதை ஹோண்டா இணையதளத்தில் சேசிஸ் எண்ணைப் போட்டு இலவசமாகப் பார்க்கலாம். பழைய கேம்ரி ஹைபிரிட் வாங்குகிறவர்கள் பேட்டரி வாரண்டி எட்டு வருடம் அல்லது 1,60,000 கி.மீ. என்ற வரம்புக்குள் அந்த வண்டி இருக்கிறதா என்று எழுத்தில் கேட்க வேண்டும்.

டீலரிடம் வாங்கினால் அங்கீகாரச் சான்று கேட்கலாம். பழைய கார் விற்கும் டீலர்கள் பதிவு அலுவலகத்தின் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது.

பேரம் முடிந்து முன்பணம் கொடுத்ததும் பலர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். பெயர் மாற்றம் மாதக்கணக்கில் தள்ளிப்போகிறது. இது இரு தரப்புக்கும் ஆபத்து. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் நவீன்குமார் வழக்கில் தீர்ப்பளித்தது. வாங்கியவரின் நிலைமையும் பாதுகாப்பானதில்லை. இன்சூரன்ஸ் அவர் பெயருக்கு மாறாத நிலையில் வண்டி நொறுங்கினால் தன் சேதத்துக்குக் கிளெய்ம் கேட்க முடியாமல் போகும். வண்டி கைமாறிய 14 நாட்களுக்குள் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே வாங்குகிறவர்கள் தயவுசெய்து இந்த ஒன்றை விட்டுவிட வேண்டாம்: படிவம் 29-இலும் 30-இலும் விற்பவர் உங்கள் முன்னிலையில் கையெழுத்துப் போடட்டும். பெயர் மாற்ற விண்ணப்பத்தை அந்த வாரமே கொடுங்கள். பேசிய விலையில் ஒரு பகுதியை, ஆர்.சி. உங்கள் பெயரில் வந்த பிறகு தருவதாக எழுதிக்கொண்டு, கையில் நிறுத்திவையுங்கள்.